இருளும் ஒரு கண்ணாடிதான்

பங்குனி நடுவில், நள்ளிரவு கடந்து கால் மணி நேரம் ஆகும்போது, தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் நின்று ஒருவர் கழுத்தை முழுதாகப் பின்னால் சாய்த்தால், அவர் பார்வை போய் முட்டும் இடத்தில் எம்87 இருக்கும். கன்னி ராசியில் உள்ள ராட்சத விண்மீன் மண்டலம் அது. அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம் இங்கே வந்து சேர ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ஆண்டு ஆகிறது. வான நடுக்கோட்டுக்கு 12 பாகை வடக்கே அந்த மண்டலம். பூமியின் நடுக்கோட்டுக்கு 12 பாகை 55 கலை வடக்கே தாம்பரம். இந்தப் பொருத்தத்தால் எம்87 நாளுக்கு ஒரு முறை இந்த ஊரின் உச்சியை ஒரு பாகைக்கும் குறைவான இடைவெளியில் கடக்கிறது. கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரலின் அகலம் அவ்வளவுதான். ஆண்டின் பெரும்பகுதியில் இது பகலிலோ விடிகாலையிலோ நடந்துவிடும்; பங்குனி, சித்திரையில் மட்டும் வசதியான ராத்திரி நேரத்தில் நடக்கிறது. லண்டன்காரருக்கு எம்87 அடிவானத்துக்கும் உச்சிக்கும் இடையே பாதி வழியில் நின்றுவிடும். உச்சியில் நிற்கும் பொருளைப் பார்ப்பதில் ஒரு லாபம் உண்டு: நடுவில் உள்ள காற்று மிகக் குறைவு. வானியலாளர் விலை கொடுத்து வாங்க முடியாத ஓர் இருக்கையைத் தொண்டை மண்டலத்துக்கு இயற்கை இனாமாகக் கொடுத்திருக்கிறது.

இப்படிப்பட்ட மண்டலத்தைப் படமெடுக்க என்ன வேண்டும் என்று கேட்டால், பள்ளிக்கூடப் பிள்ளை முதல் பத்திரிகைத் தலைப்பு வரை எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றே: பெரிய தொலைநோக்கி. தமிழ்நாட்டில் அது இருக்கிறது. தாம்பரத்திலிருந்து மேற்கே 145 கிலோமீட்டர் நேர்க்கோட்டுத் தொலைவில், ஜவ்வாது மலையில், ஆலங்காயத்துக்குப் பக்கத்துக் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம். அங்குள்ள தொலைநோக்கியின் முதன்மைக் கண்ணாடி 2.34 மீட்டர் குறுக்களவு கொண்டது. பழைய கணக்கில் 93 அங்குலம். ஜெர்மனியிலிருந்து வந்த கண்ணாடிக் கட்டியைப் பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தாரே தேய்த்து மெருகேற்றினார்கள். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்துவைத்தார். அதைக் கனவு கண்ட வைணு பாப்பு சென்னையில் பிறந்தவர். திறப்பு விழாவைப் பார்க்காமல் 1982இலேயே போய்விட்டார். இந்த வரலாற்றை எழுதுகிற ஒவ்வொருவரும் கண்ணாடியின் அளவைத் தவறாமல் எழுதுகிறார்கள். அந்தக் கண்ணாடிக்கு மேலே உள்ள இருட்டின் அளவை எழுதுவதில்லை. தொலைநோக்கிக்குக் குழாய், கண்ணாடி, கேமரா போல இருளும் ஓர் உறுப்பு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். மற்ற உறுப்புகளைத் தொழிற்சாலைகள் செய்கின்றன. இந்த ஒன்றைச் செய்வதும் கெடுப்பதும் நகராட்சிகளும் கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும்.

கணக்கில் பார்த்தால் விஷயம் தெளிவாகும். வானம் இயற்கையிலேயே முழுக் கறுப்பு கிடையாது. மேல் காற்று மண்டலமே மெல்ல ஒளிர்கிறது. சூரியனைச் சுற்றியுள்ள தூசியும் கொஞ்சம் வெளிச்சம் காட்டுகிறது. எம்87இன் நடுப்பகுதி பிரகாசமானது. ஆனால் வானியலாளருக்கு ருசியான பகுதி அதன் வெளிவிளிம்பு. சின்ன மண்டலங்களைப் பெரிய மண்டலம் விழுங்கிய தடயங்கள் அங்கேதான் கிடக்கின்றன. அந்த விளிம்பின் வெளிச்சம் இயற்கை வானத்தின் வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு. கேமராவின் ஒரு புள்ளியில் வானத்திலிருந்து 10,000 ஒளித்துகள் விழுகிற நேரத்தில் மண்டலத்திலிருந்து 100 விழுகிறது என்று கொள்ளுங்கள். வானத்தின் பங்கைக் கழித்துவிடலாமே என்று தோன்றும். கழிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் மழைத்துளி போல ஒளித்துகளும் தாறுமாறாக விழுவதால், 10,000 என்பது ஒரு தடவை 9,900 ஆகும், இன்னொரு தடவை 10,100 ஆகும். இந்த ஊசலாட்டத்தின் அளவு எண்ணிக்கையின் வர்க்கமூலம், இங்கே 100. ஆக, இருண்ட வானத்திலேயே மண்டலத்தின் விளிம்பும் வானத்தின் சலசலப்பும் சமபலத்தில் மல்லுக்கு நிற்கின்றன. இப்போது பெருநகரப் புறநகரின் வானத்துக்கு வருவோம். அது இயற்கை வானத்தைவிடப் பத்து, இருபது மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேலே வெளிச்சமானது. கணக்குக்கு வசதியாகப் பதினாறு மடங்கு என்று வைப்போம். வானத்திலிருந்து 1,60,000, ஊசலாட்டம் 400. மண்டலத்திலிருந்து வந்தது அதே 100. நெரிசல் நேரத்துத் தாம்பரம் முதல் நடைமேடையில் யாரோ வீணை மீட்டுவது போலத்தான். சத்தம் வந்துகொண்டுதான் இருக்கிறது, காதில் பிரிந்து விழாது.

இழந்ததை மீட்க இரண்டே வழி. ஒரு மணி நேரம் எடுத்த படத்தைப் பதினாறு மணி நேரம் எடுக்க வேண்டும். உச்சி வானத்தை ஒட்டிய நல்ல நேரம் ஓர் இரவில் ஐந்தாறு மணி என்பதால் ஒரு மணி நேர வேலைக்கு மூன்று ராத்திரி. இல்லையென்றால் கண்ணாடியின் பரப்பைப் பதினாறு மடங்காக்க வேண்டும், அதாவது குறுக்களவை நான்கு மடங்காக. இதைத் திருப்பிப் போட்டால் உறைக்கும்: காவலூரின் 93 அங்குலக் கண்ணாடியை அப்படியே தூக்கிவந்து இந்த வானத்தின் கீழ் வைத்தால், மங்கலான மண்டலங்களைப் பொறுத்தவரை அது 23 அங்குலக் கண்ணாடியாகச் சுருங்கிவிடும். யாரும் அதை உடைக்கவில்லை, கீறவில்லை. ஆனால் பரப்பில் பதினாறில் பதினைந்து பங்கு காணாமல் போய்விட்டது. இருளும் ஒரு கண்ணாடிதான் என்று சொல்வதில் அலங்காரம் எதுவும் இல்லை.

கணக்கை நம்பாதவர்களுக்கு வரலாறு ஒரு சோதனையையே நடத்திக் காட்டியிருக்கிறது. கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலையில் உள்ள ஹூக்கர் தொலைநோக்கி 100 அங்குலம். காவலூர்க் கண்ணாடியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. எட்வின் ஹபிள் 1923இல் அதன் வழியாகத்தான் ஆண்ட்ரோமீடா மண்டலத்தில் ஒரு மாறும் விண்மீனைப் பிடித்து, அது நம் பால்வெளிக்கு வெளியே இருக்கும் தனி மண்டலம் என்று நிலைநாட்டினார். ஆனால் ஆண்ட்ரோமீடாவின் நடுப்பகுதி மட்டும் எத்தனை படமெடுத்தாலும் வெறும் மேகமாகவே தெரிந்தது. தனி விண்மீன்களாகப் பிரியவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்தது. ஜப்பானிய விமானங்களுக்குப் பயந்து, மலையடிவாரத்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் இருட்டடிப்புக்குள் போனது. (அதே பயத்தில் அதே ஆண்டுகளில் சென்னையும் விளக்கை மறைத்துக்கொண்டிருந்தது; இங்கே அதைப் பயன்படுத்திக்கொள்ள ஒரு தொலைநோக்கி இல்லை.) வால்டர் பாடே என்ற வானியலாளர் ஜெர்மானியக் குடியுரிமைக்காரர் என்பதால் போர்ப் பணிக்கு அழைக்கப்படவில்லை, தொலைநோக்கி அவர் கையில் கிடைத்தது. 1943இல் அவர் எடுத்த படங்களில் ஆண்ட்ரோமீடாவின் நடு, ஆயிரமாயிரம் செவ்விண்மீன்களாகப் பிரிந்தது. விண்மீன்களில் இரண்டு தலைமுறைகள் உண்டு என்று 1944இல் அவர் வெளியிட்டார். அதிலிருந்து கிளைத்த வேலைதான் 1952இல், மண்டலங்களின் தூரங்களை இரண்டு மடங்காகத் திருத்த வைத்தது. ஒரு நகரம் விளக்கை அணைத்தது. பிரபஞ்சம் இரண்டு மடங்கு பெரிதானது. கண்டிப்பான வாசகர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம்: பாடேயிடம் சிவப்பு ஒளியை நன்றாக வாங்கும் புதிய தகடுகள் இருந்தன, காற்றும் அந்த இரவுகளில் அசையாமல் ஒத்துழைத்தது, எல்லாப் புகழையும் இருட்டுக்கே கொடுப்பதா? நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் படங்களுக்குத் தகட்டை மணிக்கணக்கில் திறந்துவைக்க வேண்டியிருந்தது. வெளிச்ச வானத்தின் கீழ் அவ்வளவு நேரம் திறந்துவைத்த தகடு கறுத்துப்போய்விடும். நல்ல தகடும் நல்ல காற்றும் பயன்பட்டதே இருட்டு இருந்ததால்தான். அதே ஹூக்கர் தொலைநோக்கியை 1985இல் மூடினார்கள். கண்ணாடி பழுதாகவில்லை, லாஸ் ஏஞ்சல்ஸ் வளர்ந்திருந்தது.

இன்றைய கேமராக்கள் வேறு ரகமாயிற்றே என்பது அடுத்த ஆட்சேபம். உண்மை. பழைய புகைப்படத் தகடு தன்மேல் விழும் நூறு ஒளித்துகளில் ஓரிரண்டைத்தான் பதிவு செய்தது. 1969இல் பிறந்த சி.சி.டி. சில்லு எண்பது, தொண்ணூறைப் பிடிக்கிறது. மொட்டைமாடியில் எட்டு அங்குலத் தொலைநோக்கியோடு உட்காரும் ஆர்வலர்கள்கூட நூற்றுக்கணக்கான சிறு படங்களை எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நகரத்துக்குள்ளிருந்தே அழகான படங்களைத் தருகிறார்கள். ஆனால் அந்தப் படங்களை உற்றுப் பாருங்கள். பெரும்பாலானவை ஒளிமுகில்கள்: ஓரியன், லகூன், ரோசெட். ஒளிமுகிலின் வாயுக்கள் குறிப்பிட்ட சில நிறங்களில் மட்டும் ஒளிர்பவை. அந்த நிறத்தை மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தடுக்கும் வடிகட்டி போட்டால் தெருவிளக்கு வெளியே நின்றுவிடும். விண்மீன் மண்டலத்துக்கு இந்தத் தந்திரம் பலிக்காது. அது கோடானுகோடி விண்மீன்களின் மொத்த வெளிச்சம். எல்லா நிறமும் கலந்தது. தெருவிளக்கைத் தடுக்கும் வடிகட்டி மண்டலத்தையும் சேர்த்துத் தடுக்கும். ஒரு காலத்தில் இதிலும் ஒரு சந்து இருந்தது. தாம்பரம் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. சாலையில் பல ஆண்டுகள் எரிந்த சோடியம் விளக்கின் வெளிச்சம் பெரும்பாலும் மஞ்சளைச் சுற்றியே இருந்தது. நீலப் பக்கம் கிட்டத்தட்டக் காலி. அந்தக் காலியிடத்தின் வழியாக மண்டலம் எட்டிப் பார்க்கும். வெள்ளை எல்.இ.டி. வந்து அந்தச் சந்தையும் அடைத்துவிட்டது. அதன் வெளிச்சத்தில் நீலம் தூக்கல். பகல் வானம் நீலமாக இருக்கும் அதே காரணத்தால் இரவிலும் நீலமே காற்றில் அதிகம் சிதறும். மின்சாரத்தை மிச்சம் பிடித்த மாற்றம் என்பதால் எல்.இ.டி.யைக் குறை சொல்வது பலருக்குப் பிடிக்காது. குறை எல்.இ.டி. மேல் இல்லை, எத்தனையோ நிறங்களில் அது கிடைக்கும்போது கண்ணைக் கூசவைக்கும் நீல வெள்ளையைத் தேர்ந்தெடுத்தவர்கள் மேல்தான். சி.சி.டி. கொடுத்ததை விளக்கு பிடுங்கிக்கொண்டது.

இன்னும் வலுவான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. ஹபிள், ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிகள் காற்று மண்டலத்துக்கு வெளியே இருக்கின்றன. அவற்றுக்குத் தாம்பரமும் தெரியாது, லாஸ் ஏஞ்சல்ஸும் தெரியாது. எம்87இன் மிகப் புகழ்பெற்ற படமே, அதாவது 2019 ஏப்ரல் 10 அன்று வெளியான கருந்துளைப் படமே, ரேடியோ அலையில் எடுத்தது. அதைத் தெருவிளக்கு எதுவும் செய்யாது. பிறகு எதற்குப் பூமியில் இருட்டைக் கட்டிக்காக்க வேண்டும்? விண்வெளித் தொலைநோக்கியின் பார்வை கூர்மையானது, ஆனால் குறுகியது. அதில் நேரம் கேட்டு வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை திரும்பிப்போகின்றன. ஒரு மண்டலத்தை ஆண்டுக்கணக்கில் இரவுக்கு இரவு கவனிப்பது, எங்கே திடீரென்று ஒரு விண்மீன் வெடிக்கிறது என்று வானம் முழுவதையும் துழாவுவது போன்ற வேலைகள் தரையில்தான் நடக்கின்றன. சிலி நாட்டு மலையுச்சியில் 8.4 மீட்டர் கண்ணாடியோடு கட்டிய வேரா ரூபின் வானாய்வகம் 2025 ஜூன் மாதம் தன் முதல் படங்களை வெளியிட்டது. அவற்றில் எல்லோரும் வாய்பிளந்து பார்த்த படம் எது தெரியுமா? எம்87 வாழும் கன்னி ராசி விண்மீன் மண்டலக் கொத்தின் ஒரு பகுதி. தரையிலிருந்து எடுத்தது. இந்தத் தொலைநோக்கியைச் சிலியில் வைத்ததற்கு வறண்ட காற்று ஒரு காரணம், இருட்டு இன்னொரு காரணம். விண்வெளித் தொலைநோக்கிகள் வந்ததால் தரை ஓய்வு பெற்றிருந்தால் இவ்வளவு செலவை யார் செய்வார்கள்?

சென்னைக்கும் வானியலுக்குமான உறவு இந்த வாதத்துக்கு ஒரு விதத்தில் இடைஞ்சலானது. அதை மறைப்பது சரியல்ல. 1792இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாய்வகத்தில்தான் நார்மன் போக்சன் 1861இல் ‘ஏஷியா’ என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார். அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒரு மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். ஊரின் நடுவிலிருந்தே இவை முடிந்தன. 1899இல் வானாய்வகப் பணி கொடைக்கானலுக்குப் போனது. நகர வெளிச்சத்துக்குப் பயந்து ஓடினார்கள் என்று எழுதினால் கட்டுரைக்கு வசதியாக இருக்கும். ஆனால் அது பொய். கொடைக்கானல் போனது சூரியனை ஆராய்வதற்காக; பகலில் தெருவிளக்கு யாருக்கும் தொல்லை இல்லை. அந்த இடமாற்றத்தை நடத்திய சார்லஸ் மிக்கி ஸ்மித் அதற்குமுன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். அப்போது கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937இல்தான் தாம்பரத்துப் புதர்க்காட்டுக்குக் குடிவந்தது. கொடைக்கானலிலிருந்து விண்மீன் பார்க்கும் வேலையை 1960களில் காவலூருக்குக் கொண்டுவந்தார் பாப்பு. அங்கே மேகம் குறைவு, தென்வானம் நன்றாகத் தெரியும், சுற்றிலும் காடு. அங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கி 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருப்பதைக் காட்டிய நிகழ்வைப் பதிவு செய்தது. பிறகு இந்திய வானியல் லடாக்கின் ஹன்லேவுக்கு ஏறியது. 4,500 மீட்டர் உயரம், ஈரமே இல்லாத காற்று. ஆக ஒவ்வோர் இடமாற்றத்துக்கும் வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் ஹன்லேயைச் சுற்றி 2022இல் இருள்வானக் காப்பகம் என்று அறிவித்து, கிராம வீடுகளின் விளக்குக்குக்கூட விதி வகுத்தார்களே, அங்கே காரணம் ஒன்றுதான். பெரிய ஊரே இல்லாத இடத்திலும் இருட்டு தானாக நிற்காது, அதைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட தருணம் அது. காவலூருக்கு அப்படி ஒரு காப்பு வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு? ஊரின் பெயரிலேயே காவல் இருக்கிறது.

தாம்பரத்து வெளிச்சம் காவலூர்வரை போகுமா? போகும், கொஞ்சமாக. அமெரிக்க வானியலாளர் மெர்ல் வாக்கர் 1970களில் கலிபோர்னிய நகரங்களை அளந்து ஒரு தோராய விதி சொன்னார்: ஓர் ஊரின் வான்வெளிச்சம் மக்கள்தொகைக்கு ஏற்பக் கூடும், தூரம் இரட்டித்தால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறையும். அதை இங்கே பொருத்திப் பார்த்தால் வேடிக்கையான விடை வருகிறது. காவலூரிலிருந்து வாணியம்பாடி நேர்க்கோட்டில் 25 கிலோமீட்டர். மக்கள்தொகை ஒரு லட்சத்தை ஒட்டியது. சென்னைப் பெருநகரம் 160 கிலோமீட்டர். மக்கள்தொகை ஒரு கோடி. கணக்குப் போட்டால், காவலூர் வானத்தைக் கெடுப்பதில் வாணியம்பாடி ஒன்றும் சென்னை முழுவதும் ஏறத்தாழச் சமம்! அப்படியானால் தாம்பரத்தாரிடம் எதற்கு இந்தப் பேச்சு, வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்கலாம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் வாணியம்பாடி தன் விளக்குகளை எங்கே பார்த்துக் கற்கிறது? ஒரு சிற்றூர் நகராட்சியாகும்போது அதன் மனத்தில் ‘டவுன்’ என்பதற்கான படம் சென்னையின் புறநகர்தான். தாம்பரம் 2021இல் மாநகராட்சியானது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகக் கலந்தன. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. ஊரின் விளிம்பு வண்டலூருக்குத் தெற்கே நகர்ந்துகொண்டே போகிறது. இங்கே நாற்சந்தியில் நடும் ஹைமாஸ்ட் கம்பம், நகைக்கடை முகப்பின் வெள்ளை வெள்ளம், கீழிருந்து மேலே வெளிச்சம் பாய்ச்சும் விளம்பரப் பலகை எல்லாம் ஐந்தாறு ஆண்டில் பெங்களூரு நெடுஞ்சாலை ஊர்களில் அப்படியே நகலாகும். வழக்கம் உருவாகும் இடத்தில் பேசினால்தான் பேச்சுக்குப் பயன்.

எல்லா ஆட்சேபங்களிலும் கனமானது பாதுகாப்பு. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பெருங்களத்தூரில் பஸ் இறங்கி வீட்டுக்கு நடக்கும் பெண்ணிடம் போய் கன்னி ராசிக் கொத்தைப் பற்றிப் பேசினால், அவள் எரிச்சல் நியாயமானது. ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 62 உள்ளாட்சிகள் தெருவிளக்கைக் குறைத்தபோது விபத்தோ குற்றமோ கூடியதற்குச் சான்று இல்லை என்று 2015இல் வெளியான ஆய்வு சொன்னது. ஆனால் நியூயார்க்கில் 2016இல் அரசுக் குடியிருப்புகளில் கூடுதல் விளக்கு வைத்துப் பார்த்தபோது, இரவில் வெளியே நடக்கும் கடுங்குற்றங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. இரண்டையும் சேர்த்துப் படித்தால், நடப்பவரின் காலடியிலும் எதிரே வருபவரின் முகத்திலும் விழும் வெளிச்சம் பாதுகாப்புக்கு உதவுகிறது என்று கொள்ளலாம். அதற்காக வானத்தில் விழும் வெளிச்சத்தை யாரும் நியாயப்படுத்த முடியாது. உச்சியிலிருந்து கண்ணில் அடிக்கும் மூடியில்லாத விளக்கு உண்மையில் பாதுகாப்புக்கு எதிரி. கண் கூசி, அதற்கு அப்பால் உள்ள சந்து முன்னைவிட இருட்டாகத் தெரியும். மேலும், வானத்தைக் கெடுப்பதில் தெருவிளக்கே முதல் குற்றவாளி என்பதும் நம் ஊகம்தான். அமெரிக்காவின் டூசான் நகரில் 2019இல் சில இரவுகள் தெருவிளக்குகளின் ஒளியைக் கூட்டிக் குறைத்துச் செயற்கைக்கோளிலிருந்து பார்த்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகு மேலே தெரிந்த மொத்த வெளிச்சத்தில் தெருவிளக்கின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. மிச்சம் முழுதும் கடைகள், வாகன நிறுத்தங்கள், விளம்பரங்கள், விளையாட்டுத் திடல்கள், வீட்டு முகப்புகள். டூசான் பல ஆண்டுகளாக வெளிச்சத்துக்கு விதி வகுத்த ஊர். அதன் விகிதத்தை அப்படியே இங்கே ஒட்டக் கூடாது. ஆனால் திசை தெரிகிறது: நடந்துபோகும் பெண்ணின் விளக்கைத் தொடாமலேயே வானத்தை வெகுவாக மீட்கலாம்.

விளக்கு என்றால் மங்கலம், அதைக் குறைக்கச் சொல்வது நம் பண்பாட்டுக்கு ஆகாது என்றும் சிலர் சொல்கிறார்கள். திறமையை ஒளிப்பவனைக் குடத்திலிட்ட விளக்கு என்றும், புகழ் பெற்றவனைக் குன்றின் மேலிட்ட விளக்கு என்றும் சொல்லிப் பழகியவர்கள் நாம். மூடிய விளக்கு நமக்கு இளப்பம்தான். ஆனால் அகல்விளக்கு தன் தூரத்தை அறிந்த விளக்கு. வாசற்படிக்கு வேண்டியது எவ்வளவோ அவ்வளவே அதில் எரியும். கார்த்திகையன்று ஊரெல்லாம் ஏற்றினாலும் வானியலாளர் முகம் சுளிக்க மாட்டார். அது பௌர்ணமி, அன்று நிலாவே வானத்தை வெளுத்துவிடுவதால் மண்டலங்களைப் படமெடுப்பவர்களுக்கு எப்படியும் விடுமுறை. அவர்களுக்கு வேலைநாள் அமாவாசையை ஒட்டிய பத்துப் பன்னிரண்டு இரவு. சித்திரா பௌர்ணமி நிலா நிற்பது எம்87 இருக்கும் கன்னி ராசியிலோ அதை ஒட்டியோ என்பதை நினைத்தால், பஞ்சாங்கக்காரரும் வானியலாளரும் ஒரே நாட்காட்டியை எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து படிப்பவர்கள் என்று தோன்றுகிறது.

இருட்டுக்காக விளக்கை அணைப்பது இந்தப் பகுதிக்குப் புதிதும் இல்லை. பெசன்ட் நகரிலிருந்து நீலாங்கரைவரை உள்ள மணலில் ஜனவரி முதல் ஏப்ரல்வரை பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. பொரிந்து வரும் குஞ்சு, எது வெளிச்சமான அடிவானமோ அதுதான் கடல் என்று நினைத்து நடக்கும். பல லட்சம் ஆண்டுகளாக அந்தக் கணக்குத் தப்பவில்லை. இப்போது நகரம் கடலைவிட வெளிச்சமாகிவிட்டதால் சாலைப் பக்கம் திரும்பிவிடுகிறது. 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் இரவிரவாக இந்தக் கரையில் நடந்து முட்டைகளைக் காத்துவருகிறார்கள். அவர்கள் கேட்டுக் கேட்டு, ஆமைப் பருவத்தில் கடற்கரையின் உயர் விளக்குகளை நள்ளிரவில் அணைத்துவைக்கும் ஏற்பாடு நடந்திருக்கிறது. அந்த விளக்குகள் அணைந்ததால் சென்னை நின்றுபோய்விடவில்லை. கவனிக்க வேண்டிய ஒன்று: ஆமைக் குஞ்சு கடலுக்குப் போகும் மாதங்களும், எம்87 வசதியான ராத்திரி நேரத்தில் உச்சிக்கு வரும் மாதங்களும் ஒன்றே.

கடைசியாக, ஈரமும் உப்பும் தூசியும் நிறைந்த கடலோரக் காற்று இது, எல்லா விளக்கையும் அணைத்தாலும் தாம்பரம் ஹன்லே ஆகாது என்பவர்கள் உண்டு. ஆகாதுதான். ஆனால் எம்87 முதலில் மனிதக் கண்ணுக்குப் பட்டது எங்கே? 1781 மார்ச் 18 அன்று, பங்குனி பிறந்த சில நாளில் வரும் தேதி, சார்ல் மெஸ்ஸியே அதைக் கண்டார். அவர் இருந்தது பாரிஸ் நகரின் நட்டநடுவில். கையில் இருந்தது மூன்று, நான்கு அங்குலத் தொலைநோக்கி. அன்று பாரிஸில் ஐந்தாறு லட்சம் பேர். இன்றைய தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்களைவிடக் குறைவு. அவ்வளவு ஜனம் புகைபோக்கிகளோடு வாழ்ந்த ஊரின் காற்று ஹன்லேக் காற்றா என்ன? எண்ணெய் விளக்குகள் தெருவோடு நின்றன, அவ்வளவே. மெஸ்ஸியேயின் கருவியைவிட நான்கு மடங்கு ஒளி திரட்டும் தொலைநோக்கியை இன்று ஒரு பள்ளிக்கூடம் வாங்கிவிட முடியும். அவருக்குக் கிடைத்த வானத்தை வாங்க முடியாது. அதுவும் நாளுக்கு நாள் விலகுகிறது. 2011 முதல் 2022 வரை உலகெங்கும் சாதாரண மக்கள் விண்மீன் எண்ணி அனுப்பிய 51,000 பதிவுகளை வைத்துப் பார்த்தபோது, வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரி 9.6 சதவீதம் கூடியிருந்தது. எட்டு ஆண்டுக்குள் இரண்டு மடங்கு. முன்னே போட்ட கணக்கின்படி, அந்தச் சராசரி வானத்தின் கீழ் உள்ள தொலைநோக்கிக்கு எட்டு ஆண்டுக்கு ஒரு முறை கண்ணாடியில் பாதிப் பரப்பு கரைந்துபோகிறது என்று அர்த்தம்.

விளக்குக்கு மேலே ஒரு மூடி. வெளிச்சத்தில் நீலத்தைக் குறைத்து மஞ்சளைக் கூட்டுதல். விளம்பரப் பலகைக்குக் கீழிருந்து அல்லாமல் மேலிருந்து ஒளி. கடை மூடியபின் முகப்பு விளக்கை அணைத்தல். கட்டட அனுமதிப் படிவத்திலும் தெருவிளக்கு டெண்டரிலும் சில வரி சேர்த்தால் முடிகிற வேலைகள் இவை. அடுத்த பங்குனி நடுவிலும் இரவு பன்னிரண்டேகாலுக்கு எம்87 மறுபடியும் உச்சிக்கு வரும். அந்த நேரத்தில், கடைசி ரயிலும் போய்விட்டபின், ஜி.எஸ்.டி. சாலையில் ஆளில்லாத நடைபாதைக்கு மேலே எரியும் அடுக்குமாடி விளம்பரத்தை யாருக்காக எரிய விடுகிறோம் என்பதை அதன் சொந்தக்காரரிடம் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம்.